அரிசிக்கு எந்தப் பக்கத்துக் காற்று?

அரிசி மேல்நோக்கி விழுந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். பம்பலப்பிட்டியில், கடலைப் பார்த்த ஒரு மாடி அறையில், பட்டப்பகலில். அட்சதை அரிசி மணமக்களின் தலையில் விழுவதற்குப் பதிலாகத் தரையிலிருந்து கிளம்பி, மணவறையின் உச்சியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. ஐயர் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையும் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

“அனே... சொறி அங்கிள்! கிராவிட்டிக்கு மைனஸ் போட்டுட்டேன்,” என்று நாக்கைக் கடித்தாள் ஜெனிட்டா.

என் பக்கத்தில் நின்ற அக்கா கம்பியூட்டர் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தம்பி, முதல்ல உதை நிப்பாட்டச் சொல்லு. அபசகுனம்.”

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். புதியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன் — அக்கா ஒரு முடிவு எடுத்தால், அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்யக்கூடியது பை தூக்குவது மட்டும். அன்று நான் தூக்கிய பைக்குள் இருந்தது அவளுடைய ஒரே மகள் துளசியின் கலியாண வீடியோ.

கலியாண வீடியோவில் அரிசிக்கு ஏன் இந்தக் கதி? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

துளசிக்கு மாப்பிள்ளை டொரொன்டோவில். நல்ல பிள்ளை. கிடைத்த லீவில் பறந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தாலியைக் கட்டி, லீவு முடியத் திரும்பிப் பறந்துவிட்டார். இனி துளசி போக வேண்டும். போவதற்கு விசா. விசாவுக்கு இன்டர்வியூ. இன்டர்வியூவுக்கு அல்பமும் வீடியோவும். இது உண்மையான கலியாணம்தான், விசாவுக்காகச் சோடித்தது இல்லை என்று தூதரகத்துக்குக் காட்டியாக வேண்டும்.

இந்த ஊரில் இப்போது நம் கலியாணங்களுக்கு மூன்று சாட்சிகள். அக்கினி, ஐயர், கமராக்காரர். தூதரகம் நம்புவது மூன்றாவது ஆளை மட்டும்தான்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கியிருக்கும் வெள்ளவத்தையில் லொட்ஜுக்கு ஒரு விசா நிபுணர் இருக்கிறார். அக்காவும் துளசியும் இருந்ததும் அப்படி ஒரு லொட்ஜில்தான். தங்களுக்கு இன்னும் விசா கிடைக்காதவர்கள்தான் இதில் பெரிய நிபுணர்கள். “வீடியோவில பொம்பிளை சிரிக்காட்டி ரிஜெக்ட்” என்பார் ஒருவர். “கூடச் சிரிச்சாலும் ரிஜெக்ட்” என்பார் இன்னொருவர். “சனம் குறைஞ்சா கள்ளக் கலியாணம் எண்டு எழுதிப்போடுவாங்கள்” என்றார் மூன்றாமவர். இந்த மூன்றாமவர்தான் என் அக்காவின் நித்திரையைக் கெடுத்தவர்.

ஏனென்றால் துளசியின் கலியாணத்துக்குச் சனம் வரவில்லை.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டு. கப்பலோ பிளேனோ, எதில் ஏறுவதென்றாலும் முதலில் ஆமியிடம் கிளியரன்ஸ் என்ற பயண அனுமதி எடுக்க வேண்டும். அது ஏன் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை என்று நான் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். உங்களுக்கும் தெரியாத கதை இல்லை. அங்கிருந்து உறவுக்காரர் ஒருவரும் வந்து சேரவில்லை. கொழும்பில் இருந்தவர்களிலும் பலர், அன்று காலையில் காலி வீதியில் பஸ்களை மறித்து, தமிழ்ச் சனத்தை இறக்கிச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். குறை சொல்ல முடியுமா? மண்டபத்தில் கதிரைகள் நிறைய இருந்தன. ஆட்கள் இரண்டாம் வரிசையோடு முடிந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வெற்றிடம் அத்தான். துளசியின் அப்பா.

அத்தானுக்கு யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில், பார்சல் பகுதியில் வேலை. கலியாணத்துக்குக் கிளியரன்ஸ் கேட்டு எழுதினார், நேரில் போய் வரிசையில் நின்றார், மறுபடி எழுதினார். வரவில்லை. அவர் கட்டி அனுப்பிய பலகாரப் பெட்டி மட்டும், கிளியரன்ஸ் கிடைத்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு பிளேனில் வந்து இறங்கியது. சோதனை செய்தவர்கள் பயற்றம் பணியாரத்தை மிகவும் ஆழமாகச் சோதித்திருந்தார்கள். பெட்டி பாதிதான் இருந்தது. அத்தானிடம் போனில் சொன்னபோது, “வழியில குறையாத பார்சல் உண்டோ?” என்று சிரித்தார். சிரிப்பு மாதிரித்தான் கேட்டது.

முகூர்த்தத்தைத் தள்ளி வைக்க முடியாது. மாப்பிள்ளையின் லீவு அப்படி. ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். ஐயர் மந்திரத்தைத் தொடங்கியதும் அத்தானுக்குக் கோல் எடுத்து, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மந்திரம், நாதஸ்வரம், கெட்டிமேளம் எல்லாம் அவருக்குக் கேட்கட்டும் என்று. லைன் அறுந்தால் திரும்ப எடுப்பேன். அறுந்தது. எடுத்தேன். கை விறைத்துவிட்டது, ஆனால் கெட்டிமேளத்துக்கு லைன் இருந்தது.

பலன்? முழு வீடியோவிலும், துளசிக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்தில், கூட்டமான பஸ்ஸில் தொங்குபவன் மாதிரி ஒரு மனிதன் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கமராக்காரர் என்னை விலத்தி எடுக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார். முடியவில்லை.

“சனமும் இல்லை, தகப்பனும் இல்லை, உன்ரை கை மட்டும் இருக்கு,” என்றாள் அக்கா, முதல்முறை வீடியோவைப் பார்த்துவிட்டு. “தாலி கட்டேக்க விழுந்த அரிசியைப் பார். ரெண்டு வரிசைச் சனம் போட்டது எவ்வளவு விழும்? கோழிக்குப் போட்ட மாதிரிக் கிடக்கு. உதைப் பாத்திட்டு அந்தத் துரை விசா குடுப்பானோ?”

பிறகுதான் அந்த முடிவு.

“உன்ரை ஒபிஸில படங்கள் செய்யிற பிள்ளை இருக்குதெல்லோ. அதைக் கொண்டு அரிசியைக் கூட்டு. மண்டபம் நிரம்பச் சனம் நிண்டு போட்ட மாதிரி விழ வேணும். உன்ரை கையும் அதுக்குள்ள மறைஞ்சு போகும்.”

அது என் ஒபிஸ் இல்லை. விளம்பரப் படங்களில் தமிழ் எழுத்து ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க நான் கிழமையில் இரண்டு நாள் போகிற ஒரு சின்ன ஸ்டூடியோ. அங்கே அனிமேஷன் செய்கிறவள் ஜெனிட்டா. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை. சவர்க்கார நுரை பறப்பது, பால்மா டின்னைச் சுற்றிப் பால் சுழல்வது, பட்டாசு வெடித்து அதிலிருந்து விலைக்கழிவு எழுத்தாக வருவது — டீவியில் நீங்கள் பார்க்கிற இந்த அதிசயங்களில் பாதி அவளுடைய கை.

“செய்யலாம் அங்கிள், நுரைக்குப் பதிலா அரிசி, அவ்வளவுதானே?” என்றாள்.

அவ்வளவு இல்லை என்பதை அன்று கண்டுகொண்டோம்.

அரிசியைக் கீழே விழ வைத்ததும், அது விழுந்த வேகத்தைப் பார்த்து அக்கா பதறினாள். “ஐயோ, ஒருகொடவத்தையில சீமெந்து இறக்கிற மாதிரிக் கொட்டுது!” பாரத்தைக் குறைத்தாள் ஜெனிட்டா. இப்போது அரிசி விழ மனமில்லாமல் பஞ்சாக மிதந்தது. ஒருவாறு அளவுக்கு வந்ததும் இன்னொரு வில்லங்கம். மணிகள் மாப்பிள்ளையின் தலைப்பாகையின் வழியே உள்ளே போய், தாடை வழியே வெளியே வந்தன. “அதுக்கு அங்கே ஒரு தலை இருக்குன்னு தெரியாது அங்கிள்,” என்று சொல்லி, இரண்டு தலைகளுக்கும் கண்ணுக்குத் தெரியாத பந்து ஒவ்வொன்றை வைத்தாள். அதற்குப் பிறகு அரிசி தலையில் பட்டுத் தெறித்துத் தோளில் இறங்கியது.

அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய மஞ்சள் அரிசியில் ஒரு பிடி எடுத்து, “இப்பிடி விழ வேணும் பிள்ளை, பாரும்,” என்று மேசையில் போட்டே காட்டினாள். நாலைந்து மணி கீபோர்டுக்குள் போய்விட்டது. ஸ்பேஸ் பட்டன் இன்னும் நறநறக்கிறது என்று ஜெனிட்டா போன கிழமையும் முறைப்பட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை ஆயிரம் மணிகளையும் அவள் எப்படி ஒவ்வொன்றாக நகர்த்துகிறாள்?

“நகர்த்துறதே இல்லை அங்கிள்! ஒரு மணியைக்கூட நான் தொடமாட்டேன்.” திரையில் சில அம்புக்குறிகளைக் காட்டினாள். “இது பாரம். கீழே இழுக்கும். இது காத்து. இந்தப் பக்கம் தள்ளும். இது கொஞ்சம் கலைச்சு விடும், இல்லாட்டி எல்லாம் ஒரே மாதிரி விழும். விசையை மட்டும் வைப்பேன். மிச்சத்தை அரிசி தானா செய்யும். வீடியோவில இந்த அம்பு ஒண்ணும் தெரியாது.”

நான் அந்த அம்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

யோசித்துப் பாருங்கள். அத்தானை யாராவது கையைப் பிடித்து நிறுத்தினார்களா? இல்லையே. எங்கோ ஒரு பாதையைப் பூட்டினார்கள். எங்கோ ஒரு மேசையில் ஒரு கையெழுத்தைப் போடாமல் வைத்தார்கள். அவர் தானாகவே யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். காலி வீதியில் ஒரு பஸ்ஸை மறித்தார்கள் — மண்டபத்தில் பின்வரிசைகள் தாமாகவே காலியாகிவிட்டன. நம்மை ஒருவரும் தொடுவதில்லை. அம்புகளை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனோ தெரியாது. ஜெனிட்டா காற்று அம்பைச் சுற்றி இருந்த ஒரு வட்டத்தைக் காட்டினாள்.

“ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு தூரம் இருக்கு அங்கிள். இந்த வட்டத்தைத் தாண்டினா இந்தக் காத்து வேலை செய்யாது.”

“எல்லா விசைக்கும் அப்படி ஒரு தூரம் இருக்குமோ?”

“வைக்கணும் அங்கிள். வைக்காட்டி சீன் முழுக்கப் பறந்துடுமே!”

அவள் அரிசியைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு ஏனோ அன்று முழுக்க மனம் லேசாக இருந்தது.

பின்னேரம் வேலை முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகு. கெட்டிமேளம் கொட்ட, மண்டபம் நிறைந்த சனம் ஒரே நேரத்தில் கையை வீசியது போல அட்சதை பொழிந்தது. பொன் மழை. அதற்குள் என் கையும் இல்லை, போனும் இல்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்பதான் என்ரை பிள்ளையின்ரை கலியாணம் மாதிரிக் கிடக்கு.”

அப்போதுதான் துளசி வந்தாள். பக்கத்துத் தெருவில் அவளுக்கு இங்கிலிஷ் வகுப்பு. முடித்துக்கொண்டு எங்களோடு லொட்ஜுக்குப் போக வந்தவள், நின்றபடியே திரையைப் பார்த்தாள். ஒருமுறை. “திரும்பப் போடுங்கோ அக்கா,” என்றாள் ஜெனிட்டாவிடம். இன்னொருமுறை.

“அம்மா, ஹோமம் வளர்க்கேக்க ஃபேனை நிப்பாட்டினவையெல்லோ?”

“ஓம். வியர்வை ஊத்தினது மறந்து போச்சோ?”

“பின்னை அரிசி ஏன் வலப்பக்கமாச் சரியுது?”

நாங்கள் மூவரும் திரைக்குக் கிட்டப் போனோம். ஹோமப் புகை, நூல் பிடித்தது போல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. அதே இடத்தில், அதே நேரத்தில், அரிசி மட்டும் காற்றில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

ஜெனிட்டா தலையில் கையை வைத்தாள். “மத்த சீன் எல்லாத்திலயும் ஃபேன் சுத்துது, மாலை எல்லாம் ஆடுது. அதனாலதான் இதுக்கும் காத்து வெச்சேன். தாலி கட்டுற நேரம் ஃபேனை நிப்பாட்டுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் அங்கிள்? எங்க சேர்ச்ல ஃபேனை நிப்பாட்டினா ஃபாதரே இறங்கிப் போய்டுவார்!”

“காத்தை எடுத்துவிட்டாச் சரிதானே பிள்ளை?” என்றாள் அக்கா அவசரமாக.

“ஓம் ஆன்டி. இப்பவே எடுக்கலாம்.”

“வேண்டாம்,” என்றாள் துளசி. “அரிசியே வேண்டாம்.”

அக்காவின் முகம் மாறியதைப் பார்த்து நான் யன்னல் பக்கம் நகர்ந்தேன். முப்பது வயதானாலும் அறுபது வயதானாலும், தாயும் மகளும் கதைக்கும்போது நடுவில் நிற்கக்கூடாது என்பது என் அனுபவம்.

“உனக்கென்ன விசரோ? இன்டர்வியூவில ரிஜெக்ட் பண்ணினா அந்தப் பிள்ளை அங்கை, நீ இங்கை. எத்தினை வருசம் லொட்ஜில கிடக்கப் போறாய்? ஒவ்வொருக்காலும் பொலிஸ் வந்து ‘ஏன் கொழும்பில நிக்கிறாய்’ எண்டு கேக்க, என்ன சொல்லுவாய்?”

“எனக்குப் பயமில்லையெண்டே நினைக்கிறியள்? எனக்கு நித்திரையே இல்லையம்மா.” துளசி புத்தகப் பையை மேசையில் வைத்தாள். “ஆனா அந்த ஆள் என்னைக் கேட்டா, ‘இவ்வளவு அரிசியும் ஆர் போட்டது’ எண்டு கேட்டா, நான் ஆரைக் காட்டுவன்? உண்மையான கலியாணத்தைக் கொண்டுபோய்ப் பொய்யாக் காட்டச் சொல்லுறியளே.”

“சனமில்லையேடி!”

“இல்லைத்தான். வரவிடேல்லை. அதைச் சொல்லுவன்.” திரையைத் தொட்டுக் காட்டினாள். “இதுக்குள்ள மாமாவின்ரை கை எங்கை? அந்தக் கையில போன் இருந்தது. போனுக்குள்ள அப்பா இருந்தவர். இருந்த ஒரே அப்பாவையும் அரிசியாலை மூடிப்போட்டியளே அம்மா.”

கீழே கரையோர ரயில் போனது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஜெனிட்டா எங்களைக் கேட்காமலே அரிசியைத் தெரிவு செய்து டிலீட்டை அழுத்தினாள். பொன் மழை நின்றது. கோழிக்குப் போட்ட நாலு அரிசி, காலிக் கதிரைகள், தூக்கிய என் கை — எல்லாம் திரும்பி வந்தன.

வெள்ளவத்தை வரைக்கும் அக்கா பஸ்ஸில் தனி சீட்டில் இருந்தாள்.

அதற்குப் பிறகு இன்டர்வியூ வரைக்கும் அக்கா கும்பிடாத சாமி இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலையும் விடவில்லை, ஜெனிட்டாவின் சேர்ச் உட்பட. அங்கே மெழுகுதிரி கொளுத்தும்போது ஜெனிட்டாவிடம், “அந்த அரிசி வீடியோ கொம்பியூட்டரில கிடக்குதோ, அழிஞ்சு போச்சோ?” என்று மெல்லக் கேட்டாளாம். அக்காவின் பக்தியில் எப்போதும் ஒரு மாற்றுத் திட்டம் இருக்கும்.

இன்டர்வியூ அன்று தூதரக மதிலுக்கு வெளியே, மர நிழலில், அக்காவும் நானும் நின்றோம். துளசி உள்ளே போய் வெகு நேரம். வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முச்சக்கர வண்டிக்குள் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

உள்ளே இருந்தது துரை இல்லையாம். ஒரு அம்மா. அல்பத்தைப் புரட்டிவிட்டு, வீடியோவைப் போட்டு ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாராம். தாலி கட்டும் இடத்தில் நிறுத்தினாராம். துளசி கதிரை நுனிக்கு வந்துவிட்டாளாம். இப்போது சனத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார்...

“இந்த மனிதர் ஏன் கையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறார்? இது உங்கள் சடங்கா?”

அக்கா என்னை முறைத்தாள். நான் வெளியே பார்த்தேன்.

“நான் சொன்னன் மாமா. அது என்ரை மாமா, அந்தக் கையில இருக்கிறது போன், அந்தப் பக்கத்தில அப்பா எண்டு. அப்பாவுக்குப் பாதை இல்லை எண்டு. அப்பா உண்மையாக் கேட்டவரோ எண்டு அந்த அம்மா கேட்டா. ஓம், கெட்டிமேளம் கேட்டவுடனை அப்பா அங்கை எழும்பி நிண்டு, என்ரை படத்துக்கு ஒரு பிடி அரிசி போட்டவர் எண்டன். ‘பிறகு என்ன சொன்னார்’ எண்டு கேட்டா.”

“நீ என்ன சொன்னனீ?”

“உள்ளதைத்தான். ‘வந்த சனம் சாப்பிட்டுதோ’ எண்டு கேட்டவர் எண்டன்.”

அந்த அம்மா சிரித்தாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சனத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

விசா வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, நெஞ்சோடு அணைத்து, அழுது, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அக்கா சொன்னாள்: “அரிசி போட்டிருந்தா இன்னும் கெதியா வந்திருக்கும்.”

லொட்ஜ் நிபுணர்களிடம் இப்போது புதிய விதி ஒன்று உலவுகிறது. கலியாண வீடியோவில் யாராவது ஒருவர் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். போன ஞாயிறு நான் போன ஒரு கலியாணத்தில் இரண்டு பேர் அப்படி நின்றார்கள். அதில் ஒரு போனில் மறுபக்கம் யாரும் இல்லை என்று எனக்குச் சந்தேகம்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பயணத்துக்கு முதல் கிழமை துளசி என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, ஜெனிட்டா அக்காட்டைப் போவம். எனக்கு இப்ப அரிசி வேணும்.”

இவர்களோடு எப்படி வாழ்வது? சொல்லுங்கள்.

“இது தூதரகத்துக்கில்லை. அப்பாவுக்கு,” என்றாள் ஸ்டூடியோவில். “அவர் போட்டது ஒரு பிடி. அது மட்டும் வந்து விழ வேணும். மாமாவின்ரை கை தெரிய வேணும்.”

ஜெனிட்டா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரிசியை எங்கிருந்து விடுவது, காற்று தேவையில்லைத்தானே, ஃபேன் நிற்கிறதே என்று கேட்டாள்.

“காத்து வேணும் அக்கா. யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து.”

ஜெனிட்டா திரையைப் பார்த்து முழித்தாள். மண்டபத்துக்குள் எடுத்த படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரியும். மணவறையைக் கிழக்குப் பார்த்துத்தான் வைப்போம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கிழக்கே பார்த்து இருந்தால் வடக்கு அவர்களின் இடக்கைப் பக்கம். எதிரே நிற்கிற கமராவுக்கு அது வலப்பக்கம். துளசி திரையின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள்.

“இங்கயிருந்து.”

“ஆனா துளசி, புகை நேரா போகுதே,” என்றாள் ஜெனிட்டா, மெதுவாக. “திரும்பவும் பிழையாத் தெரியுமே.”

“தெரியட்டும் அக்கா. அந்தக் காத்து மண்டபத்தில அடிச்சதில்லைத்தானே.”

ஜெனிட்டா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு படத்துக்கு வெளியே, வலப்பக்கத்தில், கமராவுக்குத் தெரியாத ஓர் இடத்தில் அரிசியை வைத்தாள். பக்கத்தில் காற்று அம்பு. அம்பைச் சுற்றி இருந்த வட்டத்தைப் பிடித்து இழுத்தாள்... இழுத்தாள்... திரைக்கு வெளியே போகும் வரைக்கும் இழுத்தாள். “இதுக்குத் தூரம் வேண்டாம் அங்கிள்,” என்றாள் என்னைப் பார்க்காமல்.

ஒரு பிடி திரையில் கண்ணுக்கே தெரியவில்லை. அதனால் கொஞ்சம் கூட்டினாள். துளசி தலையாட்டும் வரைக்கும் கூட்டினாள்.

கெட்டிமேளம் கொட்டியது. நேரே எழும்பிய புகையைக் குறுக்கே கடந்து, தூக்கிய என் கைக்கு மேலாக, வலப்பக்கத்திலிருந்து அரிசி வந்து மகளின் தலையில் விழுந்தது. இந்தமுறை முந்தானையைத் தேடியவள் ஜெனிட்டா. அவள் போட்டிருந்தது ஜீன்ஸ், ஆகவே என் கைலேஞ்சியைக் கொடுத்தேன்.

துளசி போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே ஒரே குளிராம், மாப்பிள்ளை நன்றாகச் சமைக்கிறாராம். அந்த வீடியோவின் சீடி, கிளியரன்ஸ் கிடைத்த ஒருவரின் கையில் யாழ்ப்பாணம் போனது. இந்த இடத்தில் எப்படிக் காற்று வந்தது, அம்பு எங்கே வைத்தது, இதெல்லாம் அத்தானுக்கு நாங்கள் ஒன்றும் விளக்கவில்லை.

முந்தாநாள் அவரிடமிருந்து கோல் வந்தது. வழக்கம்போல லைன் அறுந்து, திரும்ப வந்து, மறுபடி அறுந்து, கடைசியில் நின்று பிடித்தது.

“தம்பி, வீடியோ பாத்தன்,” என்றார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

“நான் போட்டது ஒரு பிடிதானடா. இவ்வளவு காலம் பார்சல் பகுதியில இருக்கிறன்... வழியில கூடிப் போய்ச் சேர்ந்ததை இப்பதான் பாக்கிறன்.”